வயிற்றுப்புண் சிகிச்சையின் வரலாறு: நெய்யூர், வேலூர், புதுச்சேரி

வயிற்றுப்புண், குடற்புண், அல்சர் என்று நாம் பேச்சில் பலவாறாகச் சொல்வது, இரைப்பையின் உட்சுவரிலோ அதையடுத்த முன்சிறுகுடலிலோ உண்டாகும் புண்ணைக் குறிக்கும். இன்று இதற்கு மருத்துவர் எழுதித் தருவது பத்து அல்லது பதினான்கு நாள் மாத்திரை. ஐம்பது ஆண்டுகளுக்கு முன் இதே நோய் முற்றினால் வயிற்றைத் திறந்து இரைப்பையையும் சிறுகுடலையும் இணைத்துத் தைத்தார்கள். தமிழ்நாட்டில் எழுபது வயதைக் கடந்த ஆண்கள் சிலரின் வயிற்றில், நெஞ்சுக்குழியிலிருந்து தொப்புள் வரை நேர்கோடாக ஓடும் பழைய தழும்பை இன்றும் பார்க்கலாம். கத்தியிலிருந்து மாத்திரைக்கு வந்த கதையில் தென்னிந்தியாவுக்குப் பெரிய பங்கு உண்டு. பாடநூல்கள் அதை ஓரிரு வரிகளில் கடந்துவிடுகின்றன.

திருவண்ணாமலை 1989 வரை வட ஆற்காடு மாவட்டத்தின் பகுதி. மாவட்டத் தலைநகர் வேலூர். பெரிய வைத்தியம் என்றால் போளூர், கண்ணமங்கலம் வழியாக வேலூருக்குப் பேருந்து ஏறுவதும், கிழக்கே செஞ்சி, திண்டிவனம் வழியாகப் புதுச்சேரி ஜிப்மருக்குப் போவதும் இந்த ஊர்ப்பக்கத்தில் வழக்கம். வயிற்றுப்புண் சிகிச்சையின் வரலாற்றில் இந்த இரு ஊர்களுக்கும் இடமுண்டு. ஆனால் கதை தொடங்குவது இன்னும் தெற்கே.

எவரெஸ்ட்டிலிருந்து நெய்யூருக்கு

சித்த மருத்துவம் வயிற்று நோய்களில் ஒரு தொகுதியைக் குன்மம் என்று அழைத்து, அதை எட்டு வகையாகப் பிரித்தது. அவற்றுள் எரிகுன்மத்தின் குறிகள் இன்றைய வயிற்றுப்புண்ணோடு பெரிதும் ஒத்துப்போகின்றன. ஆகவே நோய் புதிதல்ல. ஆனால் தென்னிந்தியாவில் அது எவ்வளவு பரவலாக இருந்தது என்பது இருபதாம் நூற்றாண்டில், அறுவை மேசையின் மீதுதான் தெரியவந்தது.

தியோடர் ஹோவர்ட் சோமர்வெல் 1922ஆம் ஆண்டின் பிரிட்டிஷ் எவரெஸ்ட் பயணக் குழுவில் இருந்த அறுவை மருத்துவர். அந்தப் பயணம் முடிந்ததும் இந்தியாவைச் சுற்றிப் பார்க்கக் கிளம்பியவர், அன்றைய திருவிதாங்கூர் அரசில், இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்தில் இருக்கும் நெய்யூர் மிஷன் மருத்துவமனைக்கு வந்தார். காத்திருந்த நோயாளிகளின் கூட்டத்தையும் அவர்களுக்கு இருந்த மருத்துவர்களின் எண்ணிக்கையையும் பார்த்தவர் லண்டன் வாழ்க்கையைக் கைவிட்டார். 1924இல் மீண்டும் எவரெஸ்ட் சென்று, உயிர்வளிக் குப்பி இல்லாமல் 8,500 மீட்டருக்கு மேல் ஏறித் திரும்பியதும் அவரே. மலையேற்ற வரலாற்றில் அவர் பெயர் நிலைத்திருப்பது அதற்காக. நெய்யூரில் அவர் கால் நூற்றாண்டு செய்த வேலை அவ்வளவாகப் பேசப்படுவதில்லை.

அங்கே அவர் மீண்டும் மீண்டும் கண்ட நோய் முன்சிறுகுடல் புண். நோயாளிகளில் பெரும்பாலோர் ஆண்கள்; உழைக்கும் வயதினர். பல ஆண்டுகள் நோயோடு இழுபட்டு வந்தவர்களுக்குப் புண் ஆறி, மறுபடி வந்து, தழும்பு சுருங்கி, இரைப்பையின் வாயே அடைபட்டிருக்கும். நேற்று உண்ட சோறு இன்று வாந்தியாகும். வயிற்றை அசைத்தால் தண்ணீர்க்குடம் போலச் சலசலக்கும். அந்த நிலையில் மருந்துக்கு வேலை இல்லை. இரைப்பைக்கும் சிறுகுடலுக்கும் வேறொரு வழி திறந்துவிடுவதுதான் அன்று தெரிந்த தீர்வு. இத்தகைய அறுவைகளை ஆயிரக்கணக்கில் செய்த சோமர்வெல், 1948இல் இரைப்பை, முன்சிறுகுடல் அறுவை குறித்து ஒரு நூலே எழுதினார். 1949இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்து அறுவை மருத்துவம் கற்பித்தார்.

சோற்றின் மீது விழுந்த பழி

இங்கே ஏன் இவ்வளவு புண்? இந்தக் கேள்விக்கு முதலில் வந்த விடை உணவு. குன்னூரில் ஊட்டச்சத்து ஆய்வு நடத்திவந்த ராபர்ட் மக்காரிசன், இந்தியாவின் வெவ்வேறு பகுதி மக்களின் உணவை எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். மரவள்ளிக்கிழங்கு மிகுந்த திருவிதாங்கூர் ஏழைகளின் உணவைத் தின்ற எலிகளில் வயிற்றுப்புண் அதிகமாக வந்தது. சென்னைப் பகுதியின் அரிசி உணவில் அதைவிடக் குறைவு. கோதுமை, பால், பருப்பு சேர்ந்த பஞ்சாப் உணவில் இல்லை என்றே சொல்லலாம்.

பின்னர் ரயில்வே மருத்துவரான எஸ். எல். மல்ஹோத்ரா இன்னொரு கோணத்தில் பார்த்தார். நாடு முழுவதும் ஒரே வகை வேலை, ஒரே வகை மருத்துவ வசதி உள்ள கூட்டம் என்றால் ரயில்வே ஊழியர்கள்தான். ஒப்பிடுவதற்கு இவ்வளவு வாகான கூட்டம் வேறு கிடைப்பது அரிது. வடக்கில் புண் குறைவு, தெற்கில் அதிகம் என்று 1960களில் அவர் எழுதினார். சப்பாத்தியை மென்று தின்ன வேண்டும், அதில் உமிழ்நீர் கலக்கும். குழைந்த சோற்றை மெல்லாமல் விழுங்கிவிடலாம் என்பது அவர் தந்த விளக்கம். புண் ஆறியவர்களைப் பிரித்து ஒரு சாராருக்குக் கோதுமை உணவும் மறு சாராருக்கு அரிசி உணவும் கொடுத்து, அரிசிக்காரர்களில்தான் புண் திரும்ப வந்தது மிகுதி என்று 1978இல் ஒரு ஆய்வையும் வெளியிட்டார். மைசூரில் நெடுங்காலம் பணியாற்றிய அறுவை மருத்துவர் ஃபிராங்க் டோவி, நெடுநாள் சேமித்த அரிசியின் தவிட்டெண்ணெய் கெட்டுப்போவதில் காரணம் இருக்கலாமா என்று தன் கூட்டாளிகளோடு ஆராய்ந்தார்.

இவர்களில் யாரையும் இன்று எள்ளிப் பேச இடமில்லை. கண்ணுக்குத் தெரிந்த வேறுபாட்டை நேர்மையாக அளந்தவர்கள் இவர்கள். அவர்கள் அளந்த வேறுபாடு உண்மையே. அதன் முழுக் காரணம் இன்றுவரை பிடிபடவில்லை. ஆனால் புண்ணுக்குள் ஒரு நுண்ணுயிர் இருக்கக்கூடும் என்பது இவர்களின் கணக்கிலேயே இல்லை. மருத்துவ உலகமே அப்படித்தான் இருந்தது. இரைப்பையின் அமிலத்தில் எந்த உயிரும் பிழைக்காது என்பது அன்றைய பாடம். அமிலமில்லாமல் புண்ணில்லை என்று 1910இல் கார்ல் ஷ்வார்ட்ஸ் சொன்னதே சிகிச்சையின் அடிப்படையாக இருந்தது. பாலும் பாலாடையும் காரப்பொடியும் மணிக்கொரு தரம் கொடுக்கும் சிப்பி உணவுமுறை, அமிலத்தைத் தணிக்கும் மாத்திரைகள், இரைப்பைக்குச் செல்லும் நரம்பை வெட்டும் அறுவை எல்லாமே அமிலத்தோடு நடந்த போர்தான். நம் வீடுகளில் காரத்தைக் குறை, மோர் குடி, மணத்தக்காளிக் கீரை சமை என்று சொன்னதும் அதே திசையில்தான்.

ஆறும், திரும்ப வரும்

1976இல் பிரிட்டனில் சிமெட்டிடின் விற்பனைக்கு வந்தது. ஜேம்ஸ் பிளாக் குழுவினர் உருவாக்கிய இந்த மருந்து அமிலச் சுரப்பை உண்மையாகவே அடக்கியது. ஐந்தாண்டில் ரானிடிடின், 1988இல் இன்னும் வலுவான ஒமிப்ரசோல். இந்தியாவின் 1970ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டம் மருந்துப்பொருளுக்குக் காப்புரிமை தராமல் செய்முறைக்கு மட்டும் தந்ததால், இந்த மருந்துகளை இந்திய நிறுவனங்கள் வேறு வழியில் தயாரித்து மலிவாக விற்க முடிந்தது. இவ்வகை மாத்திரைகள் வேலூர், திருவண்ணாமலை என்று பேதமில்லாமல் எல்லா ஊர் மருந்துக் கடைகளுக்கும் வந்து சேர்ந்தன. வயிற்றுப்புண் அறுவை மெல்லக் குறைய இதுவும் ஒரு காரணம்.

ஆனால் ஒரு சிக்கல் இருந்தது. மாத்திரை சாப்பிடும்வரை புண் ஆறியிருக்கும். நிறுத்திய ஓராண்டுக்குள் பெரும்பாலோருக்குத் திரும்ப வந்தது. ஆகவே ஆயுள் முழுக்கச் சாப்பிடு என்றார்கள். மருந்து விற்போருக்கு இதைவிட நல்ல நோய் கிடைக்காது.

இந்த இடத்தில்தான் இரு மருந்துகளின் ஒப்பீடு ஒன்று ஒரு துப்பைத் தந்தது. பிஸ்மத் என்ற உலோகத்தின் உப்பு நெடுங்காலமாக வயிற்றுக்குக் கொடுக்கப்பட்ட பொருள். பிஸ்மத்தும் சிமெட்டிடினும் புண்ணை ஏறத்தாழ ஒரே அளவில்தான் ஆற்றின. ஆனால் பிஸ்மத் சாப்பிட்டவர்களுக்குப் புண் திரும்ப வருவது குறைவு என்று 1980களின் தொடக்கத்தில் ஆய்வுகள் காட்டின. பிஸ்மத்தோ அமிலத்தைப் பெரிதாக அடக்குவதில்லை. அப்படியானால் அது வேறு எதையோ செய்கிறது. எதை?

பெர்த் நகரத்துக் கிருமி

விடை ஆஸ்திரேலியாவின் பெர்த்தில் கிடைத்தது. ராபின் வாரன் என்ற நோயியல் மருத்துவர் இரைப்பைத் திசுக்களில் சுருள் வடிவப் பாக்டீரியாக்களை 1979 முதல் கவனித்துவந்தார். இளம் மருத்துவர் பாரி மார்ஷல் அவரோடு சேர்ந்தார். கிருமியை வளர்க்கும் முயற்சி தொடர்ந்து தோற்றது. 1982 ஈஸ்டர் விடுமுறையில் தட்டுகளை இரண்டு நாளில் எறியாமல் விட்டுவிட்டார்கள், திரும்பி வந்து பார்த்தபோது கிருமி வளர்ந்திருந்தது. மெதுவாக வளரும் உயிருக்கு அதுவரை யாரும் நேரம் கொடுத்திருக்கவில்லை. 1984இல் மார்ஷல் கிருமிக் கரைசலைத் தானே குடித்து இரைப்பை அழற்சியை வரவழைத்துக்கொண்ட கதை பலரும் அறிந்தது. அவர்கள் இருவருக்கும் 2005இல் நோபல் பரிசு கிடைத்தது. இவர்களுக்கு முன்பே, 1958 முதல், கிரேக்க நாட்டில் ஜான் லிகூடிஸ் என்ற பொது மருத்துவர் எதிருயிரி மருந்துகளால் வயிற்றுப்புண்ணைக் குணப்படுத்திவந்தார். அவருக்குக் கிடைத்தது அபராதம்.

ஹெலிகோபாக்டர் பைலோரி என்று 1989இல் பெயர் மாற்றம் பெற்ற இக்கிருமி, யூரியாவைச் சிதைத்து அம்மோனியா உண்டாக்கித் தன்னைச் சுற்றியுள்ள அமிலத்தை மட்டும் தணித்துக்கொள்கிறது. இரைப்பையின் கோழைப் படலத்துக்குள் புதைந்து பல பத்தாண்டுகள் வாழும். பெரும்பாலும் குழந்தைப் பருவத்திலேயே வாய்வழியாகத் தொற்றுகிறது.

என்னைக் கேட்டால், கிருமிக் கரைசலைக் குடித்ததைவிட 1988இல் லான்செட் இதழில் மார்ஷல் குழு வெளியிட்ட மருந்து ஒப்பீடுதான் முக்கியமான நிகழ்வு. முன்சிறுகுடல் புண் உள்ள 100 நோயாளிகள். சிலருக்குச் சிமெட்டிடின், சிலருக்குப் பிஸ்மத். அவற்றோடு டினிடசோல் என்ற கிருமிக்கொல்லி அல்லது வெற்று மாத்திரை. யாருக்கு எது என்பது நோயாளிக்கும் தெரியாது, மருத்துவருக்கும் தெரியாது. கிருமி ஒழிந்தவர்களில் 92 விழுக்காட்டினருக்குப் புண் ஆறியது. கிருமி தங்கியவர்களில் 61 விழுக்காட்டினருக்கே ஆறியது. ஆறியவர்களை 12 மாதம் பின்தொடர்ந்தபோது, கிருமி தங்கியவர்களில் 84 விழுக்காட்டினருக்குப் புண் திரும்பியது. ஒழிந்தவர்களில் 21 விழுக்காட்டினருக்கு மட்டும். சோறா சப்பாத்தியா என்ற கேள்விக்கு அடியில் இப்படியொரு கேள்வி இருந்திருக்கிறது.

அதன்பிறகும் மருத்துவ உலகம் மெதுவாகவே நகர்ந்தது. புண் உள்ளவர்களுக்குக் கிருமியை ஒழிக்கும் மருந்து தர வேண்டும் என்று அமெரிக்கத் தேசிய நலவாழ்வு நிறுவனத்தின் கூட்டம் பரிந்துரைத்தது 1994இல்தான். அதே ஆண்டு உலக நலவாழ்வு அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை, இக்கிருமியை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் காரணிகளின் முதல் வகுப்பில் சேர்த்தது. 1984க்கும் 1994க்கும் இடைப்பட்ட பத்தாண்டில் உலகெங்கும் எத்தனை இரைப்பைகள் வெட்டப்பட்டிருக்கும் என்று எண்ணிப் பார்க்கத் தோன்றுகிறது.

எத்தனை மருந்து, எத்தனை நாள்

கிருமி என்று தெரிந்துவிட்டது. கொல்ல வேண்டியதுதானே என்றால், அது அவ்வளவு எளிதாக இல்லை. ஒற்றை மருந்து தோற்றது. அமிலத்தில் பல எதிருயிரிகள் வலுவிழந்தன. கோழைக்குள் போதிய அளவு சென்று சேரவில்லை. எஞ்சிய கிருமிகள் எதிர்ப்பாற்றல் பெற்றன. சிட்னியில் தாமஸ் பொரோடி பிஸ்மத், டெட்ராசைக்ளின், மெட்ரோனிடசோல் மூன்றையும் சேர்த்துக் கொடுத்து நல்ல பலன் கண்டார். ஒரு நாளுக்குப் பத்துக்கும் மேற்பட்ட மாத்திரைகள், வாயில் உலோகச் சுவை, மலம் கறுத்துப்போகும். அது ரத்தமோ என்று பயந்து பாதியில் நிறுத்துகிறவர்கள் உண்டு.

1990களின் நடுவில் எளிதான ஒரு முறை வந்தது. அமிலச் சுரப்பை அடக்கும் ஒமிப்ரசோல் வகை மருந்து ஒன்று, அதனோடு கிளாரித்ரோமைசின், அமாக்சிசிலின். காலை ஒரு வேளை, மாலை ஒரு வேளை, ஒரு வாரம். ஐரோப்பாவிலும் கனடாவிலும் 1996இல் வெளியான பெரிய ஒப்பீட்டில் 90 விழுக்காட்டை ஒட்டிக் கிருமி ஒழிந்தது. உலகம் இதையே பிடித்துக்கொண்டது. இந்தியாவிலும் காலை மாத்திரை, மாலை மாத்திரை என்று பிரித்து அடைத்த ஒற்றை அட்டைகள் கடைக்கு வந்தன.

ஐரோப்பாவில் வென்றது இங்கேயும் வெல்லுமா? இதற்கு விடை தந்தவர்களில் முக்கியமானவர் சென்னைப் பல்கலைக்கழக நுண்ணுயிரியலாளர் எஸ். பி. தியாகராஜன். மஞ்சள் காமாலைக்குக் கீழாநெல்லி பற்றிய ஆய்வுக்காகத் தமிழ் வாசகர்கள் பலர் அறிந்தவர். பின்னாளில் அப்பல்கலைக்கழகத்தின் துணைவேந்தர். சென்னை, ஹைதராபாத், லக்னோ, டெல்லி, சண்டிகர் ஆகிய ஊர்களின் நோயாளிகளிடமிருந்து எடுத்த 259 கிருமி மாதிரிகளைச் சோதித்து அவர் குழு 2003இல் முடிவை வெளியிட்டது. மெட்ரோனிடசோலுக்கு 77.9 விழுக்காடு மாதிரிகள் அசையவில்லை. கிளாரித்ரோமைசினுக்கு 44.7 விழுக்காடு. உலகின் பிற பகுதிகளில் எதிர்ப்பு அரிதாகவே காணப்படும் அமாக்சிசிலினுக்கே 32.8 விழுக்காடு. பல மருந்துகளையும் ஒருசேர எதிர்க்கும் கிருமிகள் சென்னையிலும் ஹைதராபாத்திலும் கூடுதல்.

மெட்ரோனிடசோலின் எண்ணிக்கை யாரையும் வியக்க வைக்காது. வயிற்றுப்போக்கு, சீதபேதி என்று போய் நின்றால் கடைக்காரரே எடுத்துத் தரும் மாத்திரை அது. இரண்டு நாளில் போக்கு நின்றதும் மீதியைத் தூக்கி வைத்துவிடுவோம். அந்தத் தவணை ஒவ்வொன்றிலும் இரைப்பைக்குள் குடியிருந்த கிருமிக்கு அரைகுறைப் பயிற்சி கிடைத்தது. பேதிக்குச் சாப்பிட்ட மருந்து, பத்தாண்டு கழித்துப் புண்ணுக்குப் பயன்படாமல் போயிற்று.

புதுச்சேரியின் ஒப்பீடுகள்

புண் ஓட்டையாகிவிட்டால் அவசர அறுவைதான். வயிற்றுக் கொழுப்புத் திரையின் ஒரு துண்டை வைத்து ஓட்டையை அடைப்பார்கள். அதோடு நிற்பதா, புண் திரும்பாமலிருக்க நரம்பையும் வெட்டுவதா என்பது அறுவை மருத்துவர்களிடையே பழைய வழக்கு. ஜிப்மரில் விக்ரம் கேட், என். அனந்தகிருஷ்ணன் குழுவினர் இதை எடுத்துக்கொண்டு 2001இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஓட்டையை மட்டும் அடைத்தவர்களைப் பின்தொடர்ந்ததில், புண் திரும்ப வருவது கிருமி தங்கியவர்களிடம்தான் மிகுதி என்று தெரிந்தது. ஆகவே ஓட்டையை அடைத்து, கிருமிக்கு மருந்து கொடுத்தால் போதும். நரம்பை வெட்டத் தேவையில்லை. இப்பக்கத்து உழைப்பாளிகளுக்கு இது சின்ன விஷயமல்ல. நரம்பு வெட்டப்பட்ட பலர் உண்டவுடன் படபடப்பு, பேதி, எடைக்குறைவு என்று மிச்ச வாழ்நாளைக் கழித்தார்கள்.

இத்தாலியில் தோன்றிய தொடர்முறைச் சிகிச்சையையும் ஜிப்மர் சோதித்தது. முதல் ஐந்து நாள் அமில அடக்கியும் அமாக்சிசிலினும். அடுத்த ஐந்து நாள் அமில அடக்கியோடு கிளாரித்ரோமைசினும் டினிடசோலும். வழக்கமான மும்மருந்து முறையைவிட இது மேல் என்று இத்தாலிய ஆய்வுகள் சொன்னன. ஓட்டை அடைத்த நோயாளிகளிடம் இரண்டையும் ஒப்பிட்டு 2011இல் வெளிவந்த ஜிப்மர் ஆய்வில் பெரிய வேறுபாடு எதுவும் தெரியவில்லை. வேறுபாடில்லை என்ற முடிவு செய்தித்தாளுக்குப் போகாது. ஆனாலும் அந்த முடிவால்தான், ரோமில் வென்ற மருந்துச்சீட்டை அப்படியே இங்கே படியெடுக்கக் கூடாது என்பது உறுதியாயிற்று.

அதே 2011இல் ஐரோப்பாவில் பழைய பிஸ்மத் மீண்டும் மேடையேறியது. பிஸ்மத், டெட்ராசைக்ளின், மெட்ரோனிடசோல், அமில அடக்கி ஆகிய நான்கும் சேர்ந்த பத்து நாள் முறை 80 விழுக்காட்டினரிடம் கிருமியை ஒழித்தது. வழக்கமான ஏழு நாள் மும்மருந்து 55 விழுக்காட்டினரிடம். கிளாரித்ரோமைசின் எதிர்ப்பு மிகுந்த இடங்களில், அல்லது அதன் அளவே தெரியாத இடங்களில், பிஸ்மத் சேர்ந்த நால்மருந்து முறையே முதல் தேர்வு என்று 2022இன் ஐரோப்பிய வழிகாட்டுதலும் 2024இன் அமெரிக்க வழிகாட்டுதலும் சொல்கின்றன. மெட்ரோனிடசோலுக்கு அசையாத கிருமிகூட, பிஸ்மத் துணையோடு கூடுதல் அளவில் கூடுதல் நாள் கொடுத்தால் பணிகிறது. பிஸ்மத்துக்கு எதிர்ப்பு உண்டாவதாகவே தெரியவில்லை. பொரோடியின் சிட்னி முறைக்கே ஏறத்தாழத் திரும்பி வந்திருக்கிறோம். கருவுற்ற பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் டெட்ராசைக்ளின் ஆகாது. அவர்களுக்கு மருத்துவர் வேறு வழி தேட வேண்டியிருக்கும்.

வேலூரில் கண்ட இறக்கம்

வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியினர் 2012இல் ஒரு கணக்கை வெளியிட்டார்கள். அகநோக்கிக் குழாய் விட்டுப் பார்த்தவர்களில் முன்சிறுகுடல் புண் இருந்தவர்கள் 1988இல் 12 விழுக்காடு, 2008இல் 2.9 விழுக்காடு. சோமர்வெல் பாடம் நடத்திய அதே ஊரில், ஒரு தலைமுறைக்குள், அவர் ஆயிரக்கணக்கில் அறுத்த நோய் நான்கில் ஒன்றாகச் சுருங்கிவிட்டது.

இது முழுக்க மாத்திரையின் வெற்றி என்று சொல்ல முடியாது. கிருமி இந்தியாவில் மிகப் பரவலானது. ஹைதராபாத்தில் 1991இல் வெளியான ஆய்வில், இருபது வயதை எட்டுவதற்குள் பெரும்பாலோர் அதைச் சுமக்கத் தொடங்கியிருந்தார்கள். சுமப்பவர்களில் மிகச் சிலருக்கே புண் வருகிறது, அதைவிடச் சிலருக்கே இரைப்பைப் புற்றுநோய். தொற்று இவ்வளவு இருந்தும் புற்றுநோய் இந்தியாவில் ஒட்டுமொத்தமாகக் குறைவு என்பதை ஆய்வாளர்கள் இந்தியப் புதிர் என்கிறார்கள். ஆனாலும் நாட்டின் புற்றுநோய்ப் பதிவேடுகளில் சென்னை ஆண்களிடையே இரைப்பைப் புற்றுநோய் நெடுங்காலம் முன்வரிசையில் இருந்துவந்திருக்கிறது. மருந்தால் ஒழித்த கிருமி நம் ஊர்த் தண்ணீரில் மறுபடி தொற்றிவிடாதா என்ற ஐயமும் இருந்தது. பெரியவர்களுக்கு அப்படி மீண்டும் தொற்றுவது குறைவு என்று மும்பை ஆய்வு ஒன்று 2000இல் காட்டியது. ஆகவே ஒருமுறை சரியாக ஒழித்தால் அந்தப் பலன் நிற்கும்.

கடைகளில் ரானிடிடினின் காலம் முடிந்துவருகிறது. புற்றுநோய் உண்டாக்கக்கூடிய மாசு அதில் சேர்வது தெரிந்து 2020இல் அமெரிக்கா அதைச் சந்தையிலிருந்து விலக்கியது. 2022இல் இந்தியாவின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலிருந்தும் நீங்கியது. அமில அடக்கிகள் மட்டும் வெறும் வயிற்றில் ஒன்று என்று பல வீடுகளில் ஆண்டுக்கணக்காக ஓடிக்கொண்டிருக்கின்றன. அவை எரிச்சலைத் தணிக்கும், கிருமியை ஒழிக்கா. மூச்சுச் சோதனையோ மலச் சோதனையோ எடுப்பதற்கு இரண்டு வாரம் முன்பே அவற்றை நிறுத்தாவிட்டால், கிருமி இருந்தும் இல்லையென்று முடிவு வரக்கூடும். முட்டிவலிக்குத் தினமும் வலிமாத்திரை விழுங்கும் முதியவர்களிடம் கிருமியே இல்லாமல் வரும் புண் இப்போது கூடிவருகிறது. கிரிவலப் பாதை பதினான்கு கிலோமீட்டர். நடந்து முடித்த கையோடு வலிமாத்திரை கேட்டு மருந்துக் கடைக்கு வருகிறவர்களில் பழைய வயிற்றுப்புண்காரர்களும் இருக்கக்கூடும்.